வேலை பார்த்துக்கொண்டே தரவுத்தள நிர்வாகத்தைக் கற்பது எப்படி?

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்தவர் அவர். நூல் வாங்குவது முதல் பீஸ் ரேட் கூலி வரை எல்லாம் ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்து, இப்போது மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஓடும் கணினியும் அவருடைய மேசைக்கு அடியிலேயே இருக்கிறது. தரவுத்தள நிர்வாகத்தை முறையாகக் கற்க வேண்டும்; அதற்குக் கோவையில் பணம் கட்டி வகுப்பில் சேர்வதா, தனியாகப் படிப்பதா, இதே வேலை பார்ப்பவர்கள் கூடும் எங்கள் பயனர் குழு போன்ற ஒன்றில் சேர்ந்து பழகுவதா, எதிலிருந்து தொடங்குவது என்பது அவருடைய கேள்வி.

குழுவில் சேருங்கள் என்பதே என் பதில். ஆனால், குழுவுக்கு வருவதற்கு முன்பே ஒரு வேலையைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் கம்பெனியில் நேற்று இரவு எடுத்த பேக்கப்பை, அதாவது தரவின் காப்பு நகலை, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, அதிலிருந்து தரவை மீண்டும் எழுப்பிப் பாருங்கள். தரவுத்தள நிர்வாகியின் வேலை முழுவதையும் ஒரே செயலில் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். டேபிள் (தரவை வைக்கும் அட்டவணை) உருவாக்குவதையும் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) எழுதுவதையும் எந்தப் பாடத்திலும் படித்துக்கொள்ளலாம். போன தரவைத் திரும்பக் கொண்டுவருவதைக் கைப்பழக்கத்தால்தான் கற்க முடியும். அந்தப் பழக்கத்தைத் தனியாக ஏற்படுத்திக்கொள்வது மிகக் கடினம் என்பதால்தான் குழுவைச் சொல்கிறேன்.

இந்தக் கருத்து எனக்கு விலை கொடுத்து வந்தது. 2011-இல் மின்வெட்டு ஒரு நாளுக்குப் பல மணி நேரம் நீடித்த காலத்தில், திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் சர்வரை நான் கவனித்துவந்தேன். ஒவ்வோர் இரவும் பேக்கப் தவறாமல் எடுக்கப்பட்டது. அது டி டிரைவில் எழுதப்பட்டதைக் காலையில் கோப்பின் தேதியைப் பார்த்து உறுதிசெய்துகொள்வேன். சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரு பிரிவுகள் என்பதை அறிந்திருந்தும், அதன் பொருளை நான் உணரவில்லை. யூபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்த ஒரு மாலையில் மின்சாரம் போய் வந்தபோது டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை; தரவோடு பேக்கப்பும் போயிற்று. நிட்டிங்குக்குப் போன நூல், சாயப்பட்டறைக்குப் போன துணி, காம்பாக்டிங்கிலிருந்து திரும்பியது என எல்லாவற்றையும் டெலிவரி சலான் புத்தகங்களைப் புரட்டி ஐந்து பேர் பதினொரு நாள் மீண்டும் தட்டச்சு செய்தோம். அந்தப் பதினொரு நாளில் எனக்கு ஏற்பட்ட வெட்கம், யாராவது ஒருவர் அதற்கு முன்பே என் அமைப்பைப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம் பற்றியது. தனியாக வேலை பார்ப்பவரின் குறை அறியாமை மட்டுமன்று; தான் அறிந்ததையே தினமும் பார்த்துப் பழகிப்போய், அதிலுள்ள ஓட்டையைக் காணாமல் போவதும் அவருக்கு நேர்கிறது.

உங்களுடைய முதல் ரீஸ்டோர் பெரும்பாலும் தோல்வியில் முடியும். அந்தத் தோல்விகளே பாடத்திட்டம். பேக்கப் எடுத்த சர்வரின் பதிப்பு புதியதாகவும், உங்கள் பயிற்சிக் கணினியின் பதிப்பு பழையதாகவும் இருந்தால் எஸ்கியூஎல் சர்வர் ரீஸ்டோர் செய்ய மறுக்கும். பழைய சர்வரில் இருந்த டிரைவும் கோப்புறையும் இங்கே இல்லாவிட்டால், கோப்புகளுக்குப் புதிய இடம் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து தரவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும், உங்கள் மென்பொருள் உள்ளே நுழைய முடியாமல் பிழை காட்டும். ஏனென்றால் லாகின்கள் (சர்வருக்குள் நுழையும் கணக்குகள்) உங்கள் தரவுத்தளத்தில் இல்லை, மாஸ்டர் என்ற வேறொரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. போஸ்ட்கிரஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளிலும் இதே கதைதான்: ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் (தரவைக் கோப்பாக வெளியே எழுதுவது) எடுத்தால் பயனர் கணக்குகள் அதனுடன் வருவதில்லை, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இதைப் படித்து அறிந்தவருக்கும், சனிக்கிழமை மதியம் கூலி போட வேண்டிய நேரத்தில் நேரில் சந்தித்தவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதை ஞாயிற்றுக்கிழமையில், நிதானமாக, பாதிப்பில்லாமல் சந்தித்துவிடுங்கள் என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன்.

எக்ஸ்பிரஸ் பதிப்பைப் பற்றி மூன்று விஷயங்களை உடனே பார்த்துவிடுங்கள். 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு தரவுத்தளத்தின் தரவுக் கோப்புகள் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த எல்லையைத் தொட்டதும் புதிய பதிவுகள் ஏறாது, பில்லிங் நிற்கும். அடுத்தது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் என்ற பகுதி எக்ஸ்பிரஸில் கிடையாது. எனவே இரவு பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத்தான் யாரோ அமைத்திருப்பார்கள், அந்த விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் பேக்கப் ஓசையின்றி நின்றுவிடும். மூன்றாவது, மென்பொருள் விற்றவர் ஃபுல் ரெக்கவரி முறையில் (மாற்றங்கள் வரிசையாகப் பதியும் லாக் கோப்பை, அதற்குத் தனி பேக்கப் எடுக்கும் வரை அப்படியே வைத்திருக்கும் முறை) அமைத்துவிட்டுப் போயிருந்து, அந்த லாக் பேக்கப்பை யாருமே எடுக்காமல் இருந்தால், லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் டிஸ்கை நிரப்பும். 10 ஜிபி வரம்பு லாக் கோப்புக்குப் பொருந்தாது என்பதால் எந்த எச்சரிக்கையும் முன்கூட்டி வராது.

லாக் என்பது என்ன, அதை ஏன் அழிக்கக் கூடாது என்பதை நம் ஊர்க் கணக்கு முறையைக் கொண்டே விளக்குவது எனக்கு வழக்கம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அன்றாட வரவு செலவு நடக்கும்போதே சிட்டையில் வரிசையாக எழுதிவிடுவார்கள்; பின்னர் ஓய்வாக அதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள். பேரேடு பாதியில் நின்றிருந்தாலும் சிட்டை முழுமையாக இருந்தால் கணக்கை எழுப்பிவிடலாம். தரவுத்தளங்களும் அப்படியே முதலில் லாக்கில் எழுதி டிஸ்கில் உறுதிசெய்துவிட்டுத்தான் பரிவர்த்தனை முடிந்தது என்று பதில் சொல்கின்றன. டேபிள் இருக்கும் கோப்புகளில் அந்த மாற்றம் பிறகு போய்ச் சேர்கிறது. மின்சாரம் போய் வந்தால், கடைசியாகப் பேரேடு சரிபார்க்கப்பட்ட இடத்திலிருந்து சிட்டையைப் படித்து விட்டுப்போனதை ஏற்றிக்கொள்கின்றன. போஸ்ட்கிரஸில் இந்தக் கோப்புகள் இருந்த கோப்புறையின் பெயரில் முன்பு ‘லாக்’ என்ற சொல் இருந்தது. ஏதோ பழைய பதிவுகள் என்று நினைத்து இடம் மிச்சப்படுத்துவதற்காக அவற்றை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்ததால், 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள். உலகம் முழுவதும் பயனர்கள் தங்கள் இழப்பை வெளியே சொன்னதால் நிகழ்ந்த மாற்றம் அது.

எந்தத் தரவுத்தளத்தைக் கற்பது என்ற கவலைக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட உறவுமுறைத் தரவு மாதிரியின் வழிவந்தவையே ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் அனைத்தும். ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றதில் பெயர்கள்தான் மாறும். வேலைக்கு எஸ்கியூஎல் சர்வரை வைத்துக்கொள்ளுங்கள். கற்பதற்கும் சோதிப்பதற்கும் அதன் டெவலப்பர் பதிப்பு இலவசம். பயிற்சிக்கு மட்டும் போஸ்ட்கிரஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு நிறுவலாம், உரிமக் கட்டணம் கிடையாது, உள்ளே நடப்பதை மறைக்காமல் காட்டும். அதனுடன் வரும் பிஜிபெஞ்ச் என்ற கருவி சோதனைக்குத் தேவையான தரவைத் தானே உருவாக்கித் தரும். அளவு 50 என்று கொடுத்தால் கணக்கு டேபிளில் 50 லட்சம் வரிசைகள் வந்துவிடும். 8 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அது தாராளமாகப் போதும்.

இனி, குழுவில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பீளமேட்டில், ஒரு நண்பரின் அலுவலக அறையில் கூடுகிறோம். சனிக்கிழமை என்றால் திருப்பூர்க்காரர்கள் யாரும் வர முடியாது, வாரக் கூலி நாள். தொடக்கத்தில் நாங்களும் ஒருவர் திரையில் படம் காட்ட மற்றவர்கள் கேட்கும் வகையில்தான் நடத்தினோம். இரண்டு ஆண்டுகளில் யாருடைய கையும் பழகவில்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டோம். இப்போது மூன்று மூன்று பேராக அமர்கிறோம். ஒருவர் உடைப்பவர், ஒருவர் மீட்பவர், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமும் நடப்பதை எழுதுபவர். மீட்பவரை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, உடைப்பவர் ஒரு டேபிளை அழிப்பார், அல்லது டிஸ்கை நிரப்புவார், அல்லது மின் இணைப்பைப் பிடுங்குவார். திரும்பி வருபவருக்குத் தெரிவதெல்லாம் ‘மென்பொருள் ஓடவில்லைங்க’ என்ற ஒரே வாக்கியம். உண்மையான வேலையிலும் நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அடுத்த சுற்றில் மூவரும் இடம் மாறிக்கொள்வார்கள். எழுதுபவரின் இடம்தான் எல்லாரும் குறைத்து மதிப்பிடும் இடம். ஆனால் அதிகம் கற்பவர் அவரே. மீட்பவர் பதற்றத்தில் ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நிற்பதை அவர் வெளியிலிருந்து காண்கிறார்.

இந்தப் பயிற்சியில் அடிக்கடி இடறும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். முழு பேக்கப்போடு அதன் பிறகு வந்த லாக் கோப்புகளையும் சேமித்துவைத்திருந்தால், தவறு நடந்த நொடிக்குச் சற்று முன்பு வரை தரவுத்தளத்தை மீட்கலாம். 11.42-க்கு டேபிள் அழிந்தது, 11.41 வரை கொண்டுவா என்று சொல்லலாம். எங்களில் பாதிப் பேர் முதல் முறை அந்த நேரத்தைத் தவறாகக் கொடுத்தோம். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சுவர்க் கடிகாரம் இந்திய நேரத்தில். இடையில் ஐந்தரை மணி நேரம். மீட்டெடுத்த தரவுத்தளத்தில் அழிந்த டேபிள் மறுபடியும் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். அதன் பிறகு யாரும் நேரத்தை எழுதும்போது கூடவே பிளஸ் 5.30 என்று குறிப்பிட மறப்பதில்லை.

வேகம் குறைவதைப் பற்றிய பயிற்சியும் உங்களுக்கு அவசியம், ஏனென்றால் உங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கும். சனிக்கிழமை மதியம் கூலி அறிக்கை நகராமல் நின்றால், சர்வர் பழையதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு யார் யாரைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரோ ஒருவர் வருகைப் பதிவைத் திருத்தத் தொடங்கி, பரிவர்த்தனையை முடிக்காமல் சாப்பிடப் போயிருப்பார். எஸ்கியூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில், திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் வரிசையைப் படிக்க வருபவரும் காத்திருக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் படிப்பவர் காத்திருப்பதில்லை. பழைய நகலைப் படித்துக்கொள்வார். ஆனால் அங்கே நீண்ட நேரம் திறந்து கிடக்கும் பரிவர்த்தனையால் பழைய நகல்களைத் துப்புரவு செய்ய முடியாமல் டேபிள் ஊதிப்போகும். இரண்டையும் இரு திரைகளில் நீங்களே செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும்.

குவெரியின் திட்டத்தை, அதாவது கேட்டதை எந்த வழியில் தேடுவது என்று தரவுத்தளம் போடும் கணக்கை, படிப்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: எத்தனை வரிசை வரும் என்று தரவுத்தளம் மதிப்பிட்டது, உண்மையில் எத்தனை வந்தது, இந்த இரண்டையும் முதலில் ஒப்பிடுங்கள். மதிப்பீடு 10, வந்தது 40,000 என்றால் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஊர் திருப்பூர், அஞ்சல் குறியீடு 641604 என்று இரண்டு நிபந்தனை கொடுத்தால், நமக்கு இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று தெரியும். தரவுத்தளமோ தொடர்பில்லாதவை என்று எண்ணி விகிதங்களைப் பெருக்கி, மிகச் சில வரிசைகளே வரும் என்று தவறாகக் கணிக்கும். இந்தத் தொடர்பைச் சொல்லிக்கொடுக்கும் வசதி போஸ்ட்கிரஸின் 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இதையெல்லாம் அறியாமல் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) போட்டுக்கொண்டே போவது நம் பகுதியில் நான் மிக அதிகமாகக் காணும் பழக்கம். ஒவ்வோர் இன்டெக்ஸும் ஒவ்வொரு பதிவையும் எழுதும்போது சுமையாகிறது.

குழுவில் கேள்வி கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பதிப்பு எண், பிழைச் செய்தியின் முழு வாசகம், டேபிளின் அமைப்பு, குவெரியின் முழுத் திட்டம், கடைசியாக நீங்கள் மாற்றியது என்ன, இவை எழுத்தாக வேண்டும். கைபேசியில் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து ‘ஸ்லோவா இருக்குதுங்க அண்ணா’ என்று அனுப்பினால் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக மாற்றியதைச் சொல்லத்தான் பலரும் தயங்குகிறார்கள், குற்றம் தங்கள் மேல் வரும் என்று. எங்கள் குழுவில் அதற்காக யாரையும் கடிந்து பேசுவதில்லை என்பதை உறுதியாகக் கடைப்பிடிக்கிறோம். அதே அளவு உறுதியாகக் கடைப்பிடிக்கும் இன்னொன்று, கம்பெனியின் உண்மையான தரவு அறைக்குள் வரக் கூடாது என்பது. தொழிலாளர்களின் பெயர், கூலி, கைபேசி எண், ஆதார் எண் ஆகியவை உங்களுக்குச் சொந்தமானவை அல்ல. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்மை நம்பிக் கொடுத்த பொருள். டேபிள் அமைப்பை மட்டும் கொண்டுவந்து, பொய்த் தரவை நிரப்பிச் சோதியுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை நாங்கள் சேர்ந்து படிக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், துணைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்க நினைத்த பொறியாளர் ஒருவர் முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபியில் பெரும்பகுதி நொடிகளில் போயிற்று. பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றுகூட நம்பும்படியாக இல்லை. தினசரி டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6; அதனால் டம்ப் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சோதனைச் சர்வருக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு டிஸ்க் நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எல்லாவற்றையும், மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, ஒளிவின்றி வெளியிட்டது. அதை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியிலும் ‘நம்மிடம் இது எப்படி இருக்கிறது’ என்று கேட்டுக்கொள்வோம். போன முறை அப்படிக் கேட்டபோது, பேக்கப் தோல்விச் செய்தி வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததை எங்களில் இருவர் கண்டுபிடித்தார்கள்.

நம் பகுதிக் குழு ஒன்று ஏன் தேவை என்பதற்குத் தமிழ்த் தரவு தனிக் காரணம். எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில் பெயரை வார்சார் என்ற எழுத்து வகையில் வைத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்சார் வகையும், மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். கேள்விக்குறியாகப் போனதை எந்த பேக்கப்பாலும் மீட்க முடியாது, ஏனென்றால் சேமிக்கப்பட்டதே கேள்விக்குறிதான். கோபிசெட்டிபாளையம் என்பது நம் கணக்கில் ஒன்பது எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 17 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 51 பைட்டுகள். பைட்டுகளில் நீளம் அளக்கும் ஆரக்கிளில் 30 என்று வைத்திருந்தால் அந்த ஊர் ஏறாது. கொடுமுடியின் ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காது. சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கெனச் செயற்கூறு உண்டு. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஈரோட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் நண்பர், எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டணம் உங்களுக்குப் பாரமில்லை என்றால் சேரலாம். பாடங்கள் ஒழுங்காக வந்து சேரும், சான்றிதழ் நேர்காணல் வரை கொண்டுபோகும். ஆறு மாதம் குழுவில் பழகிவிட்டுச் சேர்ந்தால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள் என்பது மட்டுமே என் ஆலோசனை.

இந்த வாரம் இரண்டு வேலை போதும். உங்கள் முதலாளியிடம், சர்வர் போய்விட்டால் எத்தனை மணி நேரத்துப் பதிவை மறுபடி தட்டச்சு செய்ய ஒப்புக்கொள்வீர்கள், எத்தனை மணி நேரம் நின்றால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் இரு எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேக்கப்பை கம்பெனிக்குள்ளேயே வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் வந்த ஒவ்வொரு பிழை, கடைசியாக ஏறியிருந்த டெலிவரி சலானின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். உங்களுக்கு முதல் சுற்றில் எழுதுபவரின் இடத்தைத் தருகிறோம்.